அப்பா என்றால் அடிக்கிறவரா? திருகோணமலைப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

நான் உப்புவெளியில் இருக்கிறேன். முன்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் பேசப் போவது பல வருடப் பழக்கம். பாலையூற்று, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கே போனாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. கூட்டம் நடக்கும்போது யாரும் கேட்பதில்லை. முடிந்து கதிரை அடுக்கும் நேரத்தில் ஒதுக்கமாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். யாருடைய வீடு என்று தெரியக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

"ஆம்பிளைத்தனம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? அது பிறவியிலேயே வருவதுதானே?

உடம்பு பிறவியில் வருகிறது. மற்றது மெல்ல மெல்ல ஊட்டப்படுகிறது. சைக்கிளில் விழுந்து முழங்கால் உரிந்த நாலு வயதுப் பையனிடம் "அழாதே, நீ ஆம்பிளைப் பிள்ளை" என்கிறோம். அதே வயதுத் தங்கை விழுந்தால் தூக்கி மடியில் வைக்கிறோம். குசினிக்குள் வந்து அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கும் பையனை மாமாமார் கேலி செய்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பொடியனிடம் அடி வாங்கி வந்தால் "திருப்பி அடிக்காமல் வந்தியா?" என்று அப்பாவே கேட்கிறார். பத்து வயதுக்குள் அவன் மூன்று பாடம் படித்துவிடுகிறான். வலியைக் காட்டக் கூடாது, வீட்டு வேலை தன் வேலை இல்லை, மானம் போனால் கையால் மீட்க வேண்டும்.

"ஹோர்மோன் அப்படி" என்று ஒருவர் வாதாடினார். அதற்கும் பதில் இருக்கிறது. பிலிப்பைன்சின் செபு நகரத்தில் 600க்கு மேற்பட்ட ஆண்களை இளைஞர்களாக இருந்த காலத்திலிருந்து சில வருடங்கள் தொடர்ந்து பரிசோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அப்பாவான ஆண்களுக்கு ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருந்தது. தினமும் மூன்று மணிநேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. பிள்ளை வளர்ப்பதற்கு ஆணின் உடம்பும் தயாராகிறது. இடம் கொடுக்காமல் நிற்பது நாங்கள்தான்.

அப்பா கண்டிப்பாக இருந்தால்தானே பிள்ளை பயந்து படிக்கும்?

இந்தக் கேள்வியை அம்மாமார்தான் கூடுதலாகக் கேட்பார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கிழமை எத்தனை தடவை "அப்பா வரட்டும், சொல்லித் தாறன்" என்றீர்கள்?

வேலை முடிந்து வாசலில் கால் வைக்கும் மனிதருக்கு வீடு ஒரு வழக்கைக் கையில் கொடுக்கிறது. மகன் என்ன செய்தான், ஏன் செய்தான், யார் தொடங்கியது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டும், தண்டனையும் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருந்தவர் அம்மா. அடிக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் அப்பா. பிள்ளை பக்கத்திலிருந்து பார்த்தால் அப்பாவின் கை தன்மேல் படுவதே அந்த நேரத்தில்தான்.

எங்கள் ஊரில் ஆணுக்கு வீட்டுக்குள் இரண்டு வேலைதான் கொடுத்து வைத்திருக்கிறோம்: உழைப்பது, தண்டிப்பது. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, காய்ச்சலில் நெற்றி தொட்டுப் பார்ப்பது, பல் விழுந்த கதை கேட்பது எல்லாம் பெண் பக்கம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு பிரிவினையில் இருந்துதான் கிளைக்கிறது. உழைப்பு நின்றுபோன வீட்டில் அந்த மனிதருக்கு மிஞ்சுவது இரண்டாவது வேலை மட்டும்தான்.

பயந்து படிப்பதைப் பற்றி: பயந்த பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அப்படி இருந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா அடித்துத்தான் வளர்த்தார். நாங்கள் என்ன கெட்டா போனோம்?

என் அப்பாவும் அடித்தார். பூவரசங் கம்பு, சில நாள் இடுப்புப் பட்டி. நல்ல மனிதர், ஊருக்கு உதவியவர். அவர் செத்த வீட்டில் அழுதவர்கள் அதிகம். ஆனால் அவரோடு நான் உட்கார்ந்து கதைத்த ஒரு மாலை கூட எனக்கு ஞாபகம் இல்லை. அவர் முற்றத்தில் இருந்தால் நான் பின் வளவால் போவேன். ஐம்பது வயதுக்குப் பிறகுதான் இது ஒரு இழப்பு என்றே எனக்கு விளங்கியது.

என் மகன் புலமைப்பரிசிலுக்குப் படித்த வருடம், ஒரு கணக்குக்காக நான் கையை ஓங்கினேன். அவன் இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். நான் அப்பா முன்னால் நின்ற அதே மாதிரி. யாரும் அவனுக்கு அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. எத்தனை தடவை அடித்திருந்தால் ஒரு பிள்ளை அப்படிப் பழகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பார்கள். ஒடித்தால் முருங்கை கிளை விட்டுக் காய்க்கும், உண்மை. அதற்கு ஞாபகம் இல்லை. பிள்ளைக்கு இருக்கிறது.

"கெட்டா போனோம்" என்பதற்கு நேரான பதில்: சிலர் போயிருக்கிறோம், வெளியே தெரியவில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து ஆசிய பசிபிக் பகுதியில் ஆறு நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் கேட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. இலங்கையும் அதில் ஒன்று. கிழக்கில் மட்டக்களப்பு மாவட்ட ஆண்களிடம் பேசினார்கள். பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விடயம், சிறு வயதில் அடியும் வதையும் பட்ட ஆண்களே பிறகு மனைவிக்குக் கை நீட்டும் சாத்தியம் கூடியவர்கள் என்பது. அடி வாங்கிய எல்லோரும் அடிக்கிறவர்களாக வளர்வதில்லை. ஆனால் "அன்பு உள்ளவர் அடிக்கலாம்" என்ற பாடத்தை நாங்கள் முதலில் படிப்பது மகனாக இருக்கும்போதுதான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அந்த மகனிடமும் சொன்னோம், பிறகு அதே சொல்லை அவன் மனைவியிடமும் சொல்கிறோம்.

பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை மூலம் தடை செய்தது. 2021இல் உயர் நீதிமன்றம், மாணவனை ஆசிரியர் அடித்த ஒரு வழக்கில், அது கொடூரமான, இழிவான நடத்தைக்கு எதிரான அடிப்படை உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. ஆசிரியர் செய்யக் கூடாததை அப்பா செய்தால் மட்டும் பிள்ளையின் தோல் வேறாகிவிடுமா?

தொழில் இல்லாத மாதங்களில்தான் சண்டை கூடுகிறது. வறுமைதானே உண்மையான காரணம்?

பாதி சரி. வாடைக்காற்று காலத்தில் எங்கள் கடல் கொந்தளிக்கும். சின்னப் படகுக்காரர் வாரக் கணக்கில் வீட்டில் இருப்பார்கள். அந்த மாதங்களில் அடிபட்டுத் தாய் வீட்டுக்கு ஓடிவரும் பெண்களைப் பற்றிக் கூடுதலாகக் கேள்விப்படுகிறேன். 2022 ஆகஸ்ட்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு இருந்த மனிதர்கள் எனக்குத் தெரியும். அவர்கள் இழந்தது காசை மட்டும் இல்லை. "இந்த வீட்டுக்கு நான் எதற்கு?" என்ற கேள்விக்கு அவர்களிடம் இருந்த ஒரே பதிலையும் இழந்தார்கள்.

ஆனால் அதே கரையில், அதே விலையில், பக்கத்துக் குடிசையில் இருந்தவர் அடிக்கவில்லை. மாதச் சம்பளம், மோட்டார் சைக்கிள், ஓய்வூதியம் எல்லாம் உள்ள வீடுகளிலும் அடி விழுகிறது. அங்கே சுவர் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். ஆகவே வறுமை நெருப்பை ஊதும். விறகு முன்பே அடுக்கப்பட்டிருக்கிறது.

அடிக்காத அந்த அயலவரை நான் கவனித்திருக்கிறேன். படகு கரையில் கிடந்த நாட்களில் அவர் மகளை முன்பள்ளிக்குக் கூட்டிப் போனார், தண்ணீர் அள்ளினார், பகலில் சூடை மீன் கிடைத்தால் தானே ஆய்ந்து கொடுத்தார். அவருக்கு வீட்டுக்குள் மூன்றாவது, நாலாவது வேலை இருந்தது.

குடிதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

குடி நிலைமையை மோசமாக்கும், அதில் சந்தேகம் இல்லை. கசிப்பு ஓடும் கிராமங்களில் பெண்கள் இதைச் சொல்லியே களைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றைப் பாருங்கள். தவறணையில் இருந்து வரும் மனிதர் சந்தியில் நிற்கும் பொலிஸைக் கண்டு நேராக நடக்கிறார். முதலாளிக்குக் கை நீட்டுவதில்லை. வீட்டுப் படலை திறந்த பிறகுதான் கை எழும்புகிறது. யாரை அடிக்கலாம் என்று போதையிலும் தெரிகிறது.

யுத்தம்தான் எங்கள் ஆண்களை இப்படி ஆக்கியது என்கிறார்களே?

இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

சோதனைச் சாவடியில் அப்பாவைச் சைக்கிளை விட்டு இறக்கி, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கக் கையைத் தூக்கச் சொன்ன காலம் இருந்தது. வெளியே தலை குனிய வைக்கப்பட்டவர் வீட்டுக்குள் வந்து தலையை எப்படி நிமிர்த்தினார் என்று யாரும் கேட்கவில்லை. 2006 ஏப்ரலில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம்களில் இருந்தவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். வயலும் மாடும் வைத்திருந்த ஆண்கள் ஏறத்தாழ பத்து வருடம் நிவாரண வரிசையில் நின்றார்கள். தகரக் கூரையின் கீழ், பக்கத்துக் குடும்பத்தின் மூச்சுக் கேட்கும் தூரத்தில் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

காணாமல் போன, கொல்லப்பட்ட அப்பாமாரின் வீடுகளில் இன்னொன்று நடந்தது. செத்த வீட்டில் நின்ற எட்டு, பத்து வயதுப் பையனின் தோளில் கை வைத்து, "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பிளை" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் குழந்தைப் பருவம் அன்றோடு முடிந்தது. அவன் அழவில்லை. அம்மாவையும் அக்காவையும் "காக்க" வேண்டும் என்று நினைத்தான். காப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, ஆகவே அதட்டினான். அவர்களில் பலர் இப்போது முப்பது தாண்டிய அப்பாமார்.

ஆகவே, ஆம், யுத்தம் ஆழமாகக் கீறியது. ஆனால் யுத்தத்துக்கு முன்பும் "கல்லானாலும் கணவன்" என்ற பேச்சு இருந்தது. காயத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும். அடிக்கு அனுமதி கொடுக்க அதைக் காரணமாக்க முடியாது.

இங்கே வீடு பெண் பேரில்தானே எழுதுகிறோம்? கிழக்கில் பெண்ணுக்குப் பலம் கூட இல்லையா?

நல்ல கேள்வி. கிழக்குக் கரையோரம் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும் மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதும் பழைய வழக்கம். அம்மாவும் அக்காவும் ஒரே வளவில் அல்லது ஒழுங்கைக்கு அப்பால் இருப்பார்கள். அலறல் கேட்டால் ஓடிவர ஆள் உண்டு. "வெளியே போ" என்று பெண் சொல்லக்கூடிய வீடு அது. இந்தப் பலத்தை நாங்கள் குறைவாக மதிக்கக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. "உன் வீட்டில் வந்து இருக்கிறேன் என்று நினைக்கிறாயா?" என்று தொடங்கும் சண்டைகளை நான் கேட்டிருக்கிறேன். உறுதியில் பெண்ணின் பெயர் இருந்தாலும் கதவைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் ஆணுக்குத்தான் என்று இருவருமே நம்பி வளர்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டைக் கட்ட அவளுடைய அப்பாவும் தம்பிமாரும் கடனில் மூழ்கியிருப்பார்கள். அதனால் "வாழாமல் வந்திட்டாள்" என்ற பேச்சுக்குப் பயந்து அவர்களே அவளைப் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள்.

மனைவி வெளிநாட்டில். பிள்ளையை நான் பார்ப்பதை ஊர் சிரிக்கிறது. என்ன செய்ய?

தம்பி, சிரிக்கிறவர்களை விடுங்கள். உங்களைப் பார்த்துச் சிரிப்பதில் அரசுக்கும் பங்கு உண்டு. 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகக் கூடாது என்று விதி வந்தது. குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்கக் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திடமும் பெண்கள் அலைந்தார்கள். 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. கைக்குழந்தையை விட்டுக் கட்டாருக்குப் போகும் அப்பாவிடம் யாரும் அறிக்கை கேட்டதில்லை. அரச ஊழியரான ஒரு அப்பாவுக்குப் பிள்ளை பிறந்தால் கிடைக்கும் விசேட விடுமுறை மூன்று நாள். தனியார் துறையில் சட்டப்படி அதுவும் இல்லை. அப்பா பிள்ளை பார்ப்பார் என்று சட்டமே எதிர்பார்க்கவில்லை.

நடைமுறையில் சில விடயம். கிளினிக்குக்குப் பிள்ளையின் வளர்ச்சி அட்டையோடு நீங்களே போங்கள். குடும்பநல உத்தியோகத்தர் அக்காமார் முதலில் "அம்மம்மா இல்லையா?" என்று கேட்பார்கள், மூன்றாவது மாதம் உங்களோடு சாதாரணமாகக் கதைப்பார்கள். மகளுக்குத் தலை பின்னப் பழகுங்கள், இரண்டு கிழமை போதும். மனைவியோடு வீடியோவில் பேசும்போது பிள்ளையின் குறைகளை மட்டும் அடுக்காதீர்கள். அவ தூரத்தில் இருந்து அழுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? மாமியாரிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டுச் சந்தியில் நிற்பதுதான் இங்கே வழக்கம். நீங்கள் அதைச் செய்யவில்லை என்பதே பெரிய விடயம்.

மகளைத் தம்பி கண்டித்தால் என்ன? அவன் ஆம்பிளைப் பிள்ளைதானே?

பதினாறு வயதுத் தம்பி பத்தொன்பது வயது அக்காவின் போனை வாங்கிப் பார்ப்பது, ரியூசன் முடிந்து யாரோடு வந்தாள் என்று விசாரிப்பது, எல்லாவற்றையும் "பொறுப்பு" என்கிறோம். அவனுக்கு அது நாளைய மனைவியிடம் நடந்துகொள்ளும் ஒத்திகை. அக்காவுக்கும் அப்படித்தான், அடங்கிப் போவதற்கு. கவலை இருந்தால் பெற்றோர் நீங்கள் மகளோடு பேசுங்கள்.

எங்கள் சமயம் ஆணைத்தானே தலைவன் என்கிறது?

நான் பண்டிதனும் இல்லை, மௌலவியும் இல்லை. கேட்டு வளர்ந்த கதைகளைச் சொல்கிறேன். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தித் திறந்தான் என்பது எங்கள் ஊர் ஐதீகம். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருப்பதும் தாய்க்காக மலையைப் பெயர்க்கப் போன கதையால்தான். எங்கள் ஊருக்குத் தெரிந்த மகா பலசாலியின் இரண்டு அடையாளமும் தாய்மேல் வைத்த பாசத்தின் அடையாளம். பிரசவ வேளையில் தாயாக வந்து பணிவிடை செய்த சிவனைத் தாயுமானவர் என்று கும்பிடுகிறோம். கிண்ணியாவில் ஒரு வாப்பா சொன்னார்: மனைவியிடம் நல்லவரே உங்களில் சிறந்தவர் என்ற நபிமொழி அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் ஊரில் யாரும் அதை ஆம்பிளைத்தனம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

அடி விழுகிறது. இப்போது நான் என்ன செய்வது?

முதலில், இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. நாடு முழுவதும் 2019இல் எடுத்த பெண்கள் நல்வாழ்வுக் கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்.

உடனடி ஆபத்து என்றால் 119. பெண்களுக்கான உதவி எண் 1938, சிறுவர்களுக்கு 1929. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்ற ஆலோசனை இடம் உண்டு. காயத்துக்கு மருந்து கட்டப் போனால் "விழுந்திட்டன்" என்று சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லிப் பதிவு வையுங்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்துக்கும் மதத்துக்கும் பொது. காதி நீதிமன்றத்துக்கு உட்பட்ட முஸ்லிம் திருமணம் என்றாலும் இது பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே மனுச் செய்யலாம், உங்களுக்காகப் பொலிஸும் செய்யலாம். முதலில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கலாம். வீட்டுக்குள் வரக் கூடாது, தொடர்பு கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம். இது சிவில் கட்டளை, அதனாலேயே அவருக்குக் குற்றப் பதிவு வந்துவிடாது. "பிள்ளைகளின் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவேனோ" என்று தயங்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டளையை மீறினால்தான் தண்டனை. கடுமையான மனவதையும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். வழக்கறிஞருக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

"சமாதானமாகப் போங்கள்" என்று யார் சொன்னாலும், மீண்டும் அடித்தால் என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள்.

நான் அடிக்கிறவன். நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது.

இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்ட ஒவ்வொருவரின் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கை எழும்புவதற்கு முன் உடம்பு சொல்லும்: தாடை இறுகும், காது சூடாகும். அப்போது "வெளியே போயிட்டு அரை மணியில் வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். சொல்லாமல் போனால் அதுவும் பயமுறுத்தல்தான். தவறணைப் பக்கம் போகாதீர்கள், கடற்கரைக்குப் போங்கள். திரும்பி வரும்போது வழக்கைத் தொடராதீர்கள். மனைவி பயந்து தள்ளி நின்றால் "நான் மாறிவிட்டேன், நம்பு" என்று நெருக்காதீர்கள். எப்போது நம்புவது என்பது அவரின் முடிவு. அவர் நீதிமன்றம் போனால் அதற்காகப் பழி வைக்காதீர்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள், காரணம் சேர்க்காமல். "நீ குழப்படி செய்ததால்தான்" என்று தொடங்கினால் அது மன்னிப்பு இல்லை. நித்திரை இல்லை, செத்தால் நல்லம் என்று தோன்றுகிறது என்றால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் எண் அது.

நான் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டபோது அவன் "பரவாயில்லை அப்பா" என்று சொல்லவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார நாலு மாதம் எடுத்தது.

மாற முடியுமா என்றால், முடியும். ருவாண்டாவில் 1,199 தம்பதிகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். இளம் அப்பாமாரையும் கர்ப்பிணி மனைவியரின் கணவன்மாரையும் கூட்டிவைத்து, பிள்ளை பராமரிப்பு, கோபம், வீட்டு வேலை பற்றிப் பல அமர்வுகள் நடத்தினார்கள். இரண்டு வருடம் நெருங்கும்போது பார்த்தால், கலந்துகொள்ளாத குடும்பங்களைவிட அந்த வீடுகளில் மனைவிக்கு விழும் அடியும் பிள்ளைக்கு விழும் அடியும் குறைந்திருந்தன. அந்த நாடும் பெரும் கொலைகளைக் கண்டு வந்த நாடுதான்.

இந்தக் கூட்டங்களுக்கு அப்பாமார் வருவார்களா?

பகல் பத்து மணிக்கு வைத்தால் வரமாட்டார்கள். "பெற்றோர் கூட்டம்" என்று கடிதம் போனால் அது அம்மாவுக்கு என்றே வீட்டில் எடுக்கிறார்கள். அதனால் இப்போது கடிதத்தில் அப்பாவின் பெயரை எழுதச் சொல்கிறேன். கடலுக்குப் போகாத நாளில், பின்னேரம், மீன் வாடிக்குப் பக்கத்தில் வைத்தோம். பதினொரு பேர் வந்தார்கள், மூன்று பேர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு. முதல் அரை மணி வலை விலையும் காற்றும்தான் பேச்சு. அப்புறம் ஒருவர், தன் மகள் தன்னைக் கண்டால் ஏன் ஓடி ஒளிகிறாள் என்று கேட்டார். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். இருட்டும் வரை யாரும் எழும்பவில்லை.